பத்து மில்லி தண்ணீர்

சிறுநீர்ப்பையில் போடுகிற ஃபோலி குழாயை யாரும் தைத்து நிறுத்துவதில்லை. நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பலூன் இருக்கிறது. அதற்குள் சிரிஞ்சால் பத்து மில்லி சுத்திகரித்த தண்ணீரை ஏற்றினால் அது உப்பி, பையின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். வேறு பிடிமானம் கிடையாது. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில், ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில், நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தபோது மூத்த சிஸ்டர் ஒருவர் முதலில் கற்றுத்தந்தது அந்தப் பத்து மில்லியைக் காப்பாற்றுகிற வேலையைத்தான். உப்புநீரை ஏற்றாதே, நாளாக நாளாக உப்பு படிந்து துளை அடைத்துக்கொண்டால் பலூனைச் சுருக்க முடியாது என்பார். ஆண்களுக்குச் சிறுநீர் வரத் தொடங்கியதுமே பலூனை ஊதிவிடாதே என்பார். நுனி பைக்குள் போயிருக்கும், ஆனால் பலூன் இன்னும் பாதையிலேயே நிற்கும். குழாய் இரண்டாகப் பிரிகிற கிளை வரைக்கும் உள்ளே தள்ளிவிட்டுத்தான் ஊத வேண்டும். கடைசியாக டேப். தொடையில் கொஞ்சம் தொய்வு விட்டு ஒட்டுவார். நோயாளியைக் காலை மடக்கி நீட்டச் சொல்லி, இழுக்கிறதா என்று கேட்ட பிறகே கட்டிலை விட்டு நகர்வார்.

குழாயை இடம் மாற்றுகிறவை பெரும்பாலும் அன்றாடக் காரியங்கள் என்பது வார்டில் நிற்க நிற்கப் புரிந்தது. சிறுநீர் சேர்கிற பையான யூரோபேக் இரண்டு லிட்டர் பிடிக்கும். நிறைந்தால் இரண்டு கிலோ கனம். காலி செய்யாமல் விட்டால் அவ்வளவும் குழாயில் தொங்கும். கட்டில் கம்பியில் பையை மாட்டியிருப்பதை மறந்து எழுந்து நடந்துவிடுகிறவர்கள் உண்டு. ஸ்கேனுக்குப் போக ஆளை ஸ்ட்ரெச்சருக்குத் தூக்கி மாற்றிவிடுவார்கள், பை கட்டிலிலேயே இருக்கும். வேட்டியை இறுக்கிக் கட்டும்போது குழாயும் சேர்ந்து இடுப்பில் சொருகிக்கொள்ளும். வீட்டுக்குப் போகிறவர்கள் பையை மஞ்சப்பைக்குள் மறைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்காருவார்கள். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாது என்கிற கூச்சம். மடியில் இருக்கிற பைக்குச் சிறுநீர் எப்படி இறங்கும்? பாதி வழியில் அடிவயிறு கல்லாகிவிடும். இறங்குகிற அவசரத்தில் மஞ்சப்பை சீட்டுக் கம்பியில் சிக்கிக்கொண்டால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வருவார்கள்.

அந்தக் கூச்சத்தோடுதான் என் வேலைக்காலம் முழுவதும் மல்லுக்கட்டினேன். இடம் மாறிய குழாயைச் சரிசெய்யப் பல நேரம் கால் மணி நேரம் போதும். அது மாறிவிட்டது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல நாட்கள் ஆகும்.

சொல்லவே முடியாதவர்களும் உண்டு. வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரி இரவில் வருகிற மனக்குழப்பத்தைத் தெரியாதவர்கள் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பகலில் என்னை 'அம்மா' என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. நள்ளிரவில் படுக்கையில் பாம்பு கிடக்கிறது என்று எழுந்து, குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டார். பலூன் உப்பியபடியே வெளியே வந்தது. ஐந்து மில்லிமீட்டர் குழாய்க்கு இடம்கொடுத்திருந்த பாதை வழியாக ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் பலூன். விரிப்பெல்லாம் ரத்தம். டியூட்டி டாக்டர் புதுக் குழாயைப் பொறுமையாக ஏற்றி, கட்டிகட்டியாக உறைந்திருந்த ரத்தத்தைக் கழுவி எடுக்க விடிந்துவிட்டது. எலும்பு கூடிய பிறகும் அந்த இரவு அவரை விடவில்லை. பாதையில் பட்ட காயம் தழும்பாகிச் சுருங்கிவிட்டது. சிறுநீர் நூலாக வருகிறது என்று பாதையை விரித்துக்கொள்ள மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்.

இப்படி ஒன்று நடந்தால் நோயாளியின் கையைக் காஸ் துணியால் கட்டிலோடு கட்டிவிடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அது என்றைக்கும் சம்மதமில்லை. கட்டிய கை விடுபடப் போராடும், குழப்பம் இன்னும் கூடும். அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கொடுங்கள். தலைமாட்டில் சின்ன வெளிச்சம் இருக்கட்டும். வீட்டுக்காரம்மாவோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். குழாயை வேட்டிக்குள்ளேயே தொடை வழியாக இறக்கி, கைக்கும் கண்ணுக்கும் எட்டாதபடி கால்மாட்டில் கொண்டுபோங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தக் குழாய் இவருக்கு இன்றைக்கும் வேண்டுமா என்று ரவுண்ட்ஸில் கேளுங்கள். ஆபரேஷனுக்காகப் போட்டதை எடுக்க மறந்து கிடப்பவை எத்தனையோ.

அமெரிக்க மருத்துவர் ஃப்ரெடெரிக் ஃபோலி 1930களில் இந்தக் குழாயை உருவாக்கினார். புரோஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு கசிகிற ரத்தத்தைப் பலூனால் அழுத்தி நிறுத்துவதுதான் அவருடைய முதல் நோக்கம். காப்புரிமைப் போட்டியில் அவர் தோற்று, உரிமை இன்னொருவருக்குப் போனது. பெயர் மட்டும் அவருடையதாக நின்றுவிட்டது. ரத்தத்தை நிறுத்த வந்த பலூன் ரத்தத்தை வரவழைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் வார்டுக்கு ஓர் இரவு வந்திருந்தால் ஒட்டுவதற்கும் ஏதாவது வழி செய்து கொடுத்திருப்பாரே என்று தோன்றும்.

பதநீர்க் காலம் வந்தால் பனையிலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துக்காரர்கள். முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனவர்கள்தான் அதிகம். கழுத்தில் அடிபட்டுப் பிழைத்த ஒருவரை நான் மறக்கமாட்டேன். நெஞ்சுக்குக் கீழே அவருக்கு எந்த உணர்வும் இல்லை. கையிலும் பிடிப்பு இல்லை. சிறுநீர்ப்பையில் குழாய் இருப்பதோ, அது இழுபடுவதோ, பலூன் பாதையில் வந்து சிக்கிக்கொள்வதோ அவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு மத்தியானம் அவர் முகம் சிவந்து, நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. தலை பிளக்கிறது என்றார். ரத்த அழுத்தம் எங்கோ போய்விட்டது. வெயில் என்றார் ஒருவர், காய்ச்சல் வரப்போகிறது என்றார் இன்னொருவர். அவர் மனைவி எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தார்.

"இவுகளுக்கு நெத்தி வேர்த்தா கீழ டியூப்பப் பாருங்க சிஸ்டரம்மா. எங்கயோ புடிச்சு இழுக்கு."

சக்கர நாற்காலியின் சக்கரத்தில் பையின் குழாய் சுற்றியிருந்தது. ஃபோலி பாதி வெளியே வந்து, பலூன் பாதையில் மாட்டி, சிறுநீர்ப்பை நிரம்பி உப்பியிருந்தது. தலைமாட்டை நிமிர்த்தி உட்காரவைத்தோம். பலூனைச் சுருக்கிக் குழாயை எடுத்துப் புதிதாகப் போட்டதும் சிறுநீர் பாய்ந்து வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வியர்வை அடங்கியது. தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இப்படி நேரும். கீழே நடக்கிற தொந்தரவு மூளைக்கு வலியாகப் போய்ச் சேராது. ஆனால் ரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். எங்களுக்கு இது பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி. அந்த அம்மாவுக்குப் புருஷனின் நெற்றி. அவர் இன்னொன்றும் செய்திருந்தார். குழாய் உடலுக்குள் நுழைகிற இடத்தில் பேனாவால் குழாய்மேல் ஒரு கோடு போட்டு, துணி மாற்றும்போதெல்லாம் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டு, பிறகு எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பிற்பாடு அவர் கணவரைத் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்துக்கு அனுப்பிவைத்தார்கள். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்பு அது. அங்கே தன்னைப்போலவே நாற்காலியில் இருக்கிற மனிதர்கள் மற்றவர்களை நடத்துவதைப் பார்த்தபிறகுதான் தன் வீட்டுக்காரர் வாய்திறந்து பேசத் தொடங்கினார் என்று அந்த அம்மா ஒருநாள் வந்து சொன்னார். கைகள் நன்றாக இருக்கிறவர்களுக்கு நிரந்தரக் குழாயே வேண்டியதில்லை. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களே மெல்லிய குழாயை நுழைத்துச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை என்று மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லாப்பிடஸ் 1972இல் எழுதினார். உள்ளே தங்காத குழாய்க்கு இடம் மாறுகிற கவலையே கிடையாது. இதைக் கற்றுக்கொடுக்க ஒரு நர்ஸுக்குச் சில மதியங்கள் வேண்டும். அந்த மதியங்களை நமது மருத்துவமனைகள் இன்னும் தாராளமாகக் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

பெண்கள் வார்டுக்கு மாறியபிறகு ஸ்டென்ட்டுகளோடு பழக்கம் ஏற்பட்டது. சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்குகிற மெல்லிய குழாயில் கல் அடைத்துக்கொண்டால், அல்லது கல்லை எடுத்தபிறகு வீக்கம் வடியும்வரை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் வைப்பார்கள். டி.ஜே. ஸ்டென்ட். வெளியே ஒன்றும் தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றி நாலாபக்கமும் உப்பளங்கள். வெயிலில் நின்று வேலை. பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார்கள். கல் வராமல் என்ன செய்யும்?

அப்படி ஸ்டென்ட் வைத்து அனுப்பிய உப்பளத்துப் பெண் ஒருவர், நடுங்குகிற காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். காய்ச்சல் என்பதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓ.பி.யில் இருந்தவர் இளவயது ஆண் டாக்டர். சேலைக்குள் துணியை மடித்து மடித்துக் கட்டியிருப்பது அந்தப் பெண்ணின் நடையில் தெரிந்தது. திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் உட்காரவைத்து, "சொல்லும்மா, கீழ எதுவும் தட்டுப்படுதா?" என்றேன். அழுதுவிட்டார்.

"நீலமா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு சிஸ்டர். மூத்திரம் சொட்டுச் சொட்டா எந்நேரமும் போயிட்டே இருக்கு. உப்பு சொமந்ததுல குடலுதான் எறங்கிட்டோன்னு..."

ஸ்டென்ட் கீழே சரிந்து, சிறுநீர்ப் பாதையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. மூடிக்கொள்ள வேண்டிய தசையை அது திறந்தே வைத்திருந்தால் சிறுநீர் நிற்காது. நனையாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தியிருந்தார். புருஷனிடம் சொல்லவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை. கட்டிலில் குழந்தைகளோடு படுப்பதை விட்டுத் தரையில் தனியாகப் படுத்திருக்கிறார். அதை எடுக்க மயக்க மருந்துகூடத் தேவைப்படவில்லை. கையுறை போட்டு, நுனியைப் பிடித்து, மெல்ல இழுத்ததும் முழுதாக வந்துவிட்டது. காய்ச்சலுக்கு ஊசி போட்டு, சிறுநீரகத்தில் அடைப்பு திரும்பவில்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு அனுப்பினோம். குடல் இறங்கிவிட்டது என்ற பயத்தோடு அவர் கழித்த இரவுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், அது என்ன நிறம், எங்கே போகக்கூடும் என்று டிஸ்சார்ஜின்போது ஒரு நிமிடம் யாராவது அவருக்குத் தமிழில் சொல்லியிருந்தால் போதும். கையிலிருந்த அட்டை முழுக்க ஆங்கிலம்.

மேலே ஏறிப் போகிற ஸ்டென்ட்டும் உண்டு. வேன் ஓட்டுகிற இளைஞர் ஒருவர், நல்ல உயரம். ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அடிக்கடி சிறுநீர், எரிச்சல், ஓட்டும்போது விலாவில் குத்தல் என்று வந்தவர். ஒருநாள் திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் எடுக்க வேண்டிய தேதிக்கு வரவில்லை. கடைசியில் வந்தபோது டாக்டர் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தால், பைக்குள் இருக்க வேண்டிய வளைவைக் காணோம். எக்ஸ்ரேயில் பார்த்தால் ஸ்டென்ட் முழுக்க மேலே ஏறியிருந்தது. அவர் உயரத்துக்கு அது குட்டையானது. மயக்க மருந்து கொடுத்து, சிறுநீரகக் குழாய்க்குள்ளேயே கருவியை விட்டுப் பிடித்து இழுக்க வேண்டிவந்தது. தொல்லை கூடினால் மட்டுமல்ல, இருந்த தொல்லை சட்டென்று மாறினாலும் வந்துவிடுங்கள் என்று அதற்குப்பிறகு எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தேன்.

இந்த நழுவல் புதுப் பிரச்சினை அல்ல. 1967இல் ஜிம்ஸ்கைண்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் சிலிக்கோன் குழாயைச் சிறுநீரகக் குழாய்க்குள் வைத்தபோது அது நேர்க்குழாய்தான். பிடித்து நிறுத்த ஒன்றுமில்லாததால் மேலும் கீழும் நழுவியது. பிறகு கிப்பன்ஸ் என்பவர் குழாயின் பக்கவாட்டில் சிறு முட்களைப் போன்ற அமைப்புகளை வைத்துப் பார்த்தார். 1978இல்தான் ராய் ஃபின்னி இரண்டு முனையையும் ஜே எழுத்தாக வளைத்த ஸ்டென்ட்டை அறிமுகப்படுத்தினார். ஒரு ஜே சிறுநீரகத்துக்குள், இன்னொன்று பைக்குள். அதே ஆண்டில் ஹெப்பர்லனும் அவருடைய சகாக்களும் முனை சுருண்ட இன்னொரு ஸ்டென்ட்டைப் பற்றி எழுதினார்கள். நழுவுவது வெகுவாகக் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை. மேல்வளைவு முழுதாகச் சுருளாமல் விட்டாலோ, நீளம் பொருந்தாமல் போனாலோ இன்றைக்கும் நழுவுகிறது.

புற்றுநோய்ப் பிரிவில் இருந்த சிநேகிதி ஒருத்தி சொல்லி அறிந்தது இது. கருப்பைவாய்ப் புற்று சிறுநீரகக் குழாய்களை நெருக்கிவிட்டால், முதுகுப் பக்கம் துளைத்து நேராகச் சிறுநீரகத்துக்கே குழாய் போடுவார்கள். தூக்கத்தில் புரண்டால் இழுபடும். பாவாடை நாடா அதன்மேலேயே அழுந்தும். சேலை கட்டுகிற பெண்களுக்கு நாடாவை அதன் மேலேயோ கீழேயோ நகர்த்திக் கட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எந்தக் கையேட்டிலும் அவள் இதைப் பார்த்ததில்லையாம். நோயாளிகளே ஒருவருக்கொருவர் சொல்லித் திருத்திக்கொண்டார்கள்.

வார்டில் நான் ஒரு நீளநோட்டு வைத்திருந்தேன். ஸ்டென்ட் வைத்தவர் பெயர், ஊர், எந்தப் பக்கம், எடுக்க வேண்டிய தேதி, போன் நம்பர். எடுத்ததும் சிவப்பு மையால் அடிப்பேன். அடிபடாத பெயர்களுக்குப் போன் போடுவேன். சொந்த போன் இல்லாதவர்களுக்கு ஊர் மளிகைக் கடை நம்பர் இருக்கும். "அந்த அக்காகிட்ட ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்பேன். அதற்குமேல் கடைக்காரரிடம் சொல்வதற்கில்லை. மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கிற ஸ்டென்ட்டின்மேல் கல் படியும். பிறகு அதை எடுப்பதே தனி ஆபரேஷன்.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபிறகு வேலை நின்றுவிடவில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து வீட்டோடு கிடப்பவர்களைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். முன்பு இல்லாத பெரிய ஆறுதல் அது. ஆனால் குழாய்கள் அவர்கள் வருகிற நாளுக்காகக் காத்திருப்பதில்லை. தெருக்காரர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். சிலிக்கோன் குழாயின் பலூனில் தண்ணீர் தானாகவே மெல்லக் குறைந்துகொண்டு வரும், ஒருநாள் குழாய் சத்தமில்லாமல் வெளியே வந்து கிடக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். விழுந்த குழாயைக் குப்பையில் எறியாதீர்கள், பலூன் உடைந்திருந்தால் துண்டு எதுவும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும், துண்டு தங்கினால் அதைச் சுற்றியே கல் வளரும் என்பேன். நீங்களாக உள்ளே திணிக்காதீர்கள் என்பேன். ஒவ்வொரு வீட்டிலும் காலண்டருக்குப் பின்னால் தமிழில் எழுதி வைக்கச் சொல்வேன்: குழாய் எத்தனாம் நம்பர், பலூனில் எத்தனை மில்லி, போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர், முன்பு லாரி ஆபீஸில் கணக்கெழுதியவர். புரோஸ்டேட் ஆபரேஷனைத் தாங்க இதயம் இடம்கொடுக்கவில்லை. அடிவயிற்றில் துளைபோட்டு நேராகப் பைக்குள் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை காது குத்திய துளை போலத்தான். தோடு இருக்கும்வரை இருக்கும், கழற்றிவிட்டால் தூர்ந்துவிடும். அதுவும் வயிற்றுத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும். பிறகு புதிதாகத்தான் துளைக்க வேண்டும். இதை நான் பெரியவருக்கும் அவர் மகனுக்கும் சொன்னபோது, கல்லூரியில் படிக்கிற பேத்தி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அவ எதுக்கு இங்க" என்றார் பெரியவர். "அவளும் கேக்கட்டும்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகன் வெளியூர் போயிருந்த ஒரு விடியற்காலையில் போன் வந்தது.

"சிஸ்டராச்சி, தாத்தாக்கு வயித்து டியூப்பு வெளிய வந்துட்டு. எந்திரிச்சுப் பாத்தா படுக்கையெல்லாம் ஈரம். பலூன் ஒடஞ்சிருக்கு, டியூப்ப கவர்ல போட்டு வச்சிருக்கேன். பதினாறு நம்பரு. ஆட்டோ சொல்லிட்டேன், வாசல்ல நிக்கி. நீங்களும் வாரியளா?"

தாத்தா சொன்னாரா, நீயாகப் பார்த்தாயா என்று கேட்டேன். "அவுகதான் எழுப்புனாவ" என்றாள்.

ஆஸ்பத்திரியில் துளை இன்னும் திறந்தே இருந்தது. அதே பதினாறாம் நம்பர் தடையில்லாமல் உள்ளே போயிற்று. பலூனின் கிழிசலை விரித்து, துண்டு எதுவும் குறையவில்லை என்று டாக்டர் பார்த்துக்கொண்டார். பெரியவர் பசிக்கிறது என்றார். கேன்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பையைப் பேத்தி கையில் கொடுத்து ஆட்டோவில் ஏறினார். என்ன ஆயிற்று என்று டிரைவர் கேட்டார். பெரியவர் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "மூத்திரக் குழாய் வெளிய வந்துட்டுப்பா. திரும்பப் போட்டாச்சு. மேடு பள்ளம் பாத்து மெதுவா ஓட்டு."